அவர்களைக் கேட்டோமா?

புலம்பெயர்ந்தோருக்காகவும் அகதிகளுக்காகவும் மன்றாடத் திருச்சபை ஆண்டுதோறும் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கி வைத்திருப்பதை நம் குடும்பங்கள் அறியும். 1914ஆம் ஆண்டில் தோன்றிய வழக்கம் அது. அன்று பூசையில் அவர்களுக்காகச் செபிக்கிறோம். உண்டியலில் இயன்றதை இடுகிறோம். பின்னர் வீடு திரும்பி நம் அலுவலைப் பார்க்கிறோம். இதையொட்டி வாசக அன்பர் சிலர் நம்மிடம் ஒரு வினாவை எழுப்பியுள்ளனர். பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் ஒன்றுகூடி அகதிகளைப் பற்றி ஆராய்ச்சி நடத்துகின்றனவாமே, உயிர் தப்பி ஓடி வந்தவனுக்கு வேண்டியவை சோறும் கூரையும்தாமே, இதில் ஆராய்வதற்கு என்ன இருக்கிறது, அந்தப் பணத்தைக் கஞ்சித்தொட்டிக்குச் செலவிடலாகாதா என்று அவர்கள் கேட்கின்றனர்.

வினா நியாயமானதே. ஐக்கிய நாடுகளின் அகதிகள் ஆணையம் தரும் கணக்கின்படி, 2024ஆம் ஆண்டின் இறுதியில் போர், கலவரம், துன்புறுத்தல் ஆகியவற்றால் வீடிழந்து பெயர்ந்தவர்கள் 12 கோடியே 32 இலட்சம் பேர். இவர்களுள் 7 கோடியே 35 இலட்சம் பேர் தம் சொந்த நாட்டிற்குள்ளேயே இடம்பெயர்ந்து அலைபவர்கள். இத்தனை பேர் தவித்து நிற்கையில், ஏடும் எழுதுகோலும் ஏந்திச் செல்பவரைக் கண்டால் எவர்க்கும் சற்று எரிச்சல் தோன்றத்தான் செய்யும். எனினும், அந்த ஏடும் எழுதுகோலும் இல்லாமற் போனதால் விளைந்த கேடுகளையும் நாம் அறிந்திருத்தல் வேண்டும். ஆகவே இம்மாதம் இப்பக்கத்தை இவ்வினாவுக்கே ஒதுக்குகிறோம்.

முதலில் ஒரு பிடி நிலக்கடலையின் கதை. ஆப்பிரிக்காவின் தென்கிழக்கே உள்ள மொசாம்பிக் நாட்டை 1980களில் உள்நாட்டுப் போர் சூறையாடியது. ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் எல்லை கடந்து அண்டை நாடான மலாவியில் தஞ்சம் புகுந்தனர். மலாவியோ உலகின் மிக வறிய நாடுகளுள் ஒன்று. ஆயினும் வந்தவர்களை அது விரட்டவில்லை. பன்னாட்டு நிறுவனங்கள் அவர்களுக்கு உணவுப் பங்கீடு வழங்கின. பங்கீட்டில் பெரும்பகுதி மக்காச்சோளம். அதனுடன் பயறு, எண்ணெய், நிலக்கடலை முதலியன. 1989ஆம் ஆண்டில் நிலக்கடலை வரத்துத் தடைப்பட்டது. கடலை போனால் என்ன, வயிறு நிறையச் சோளம் இருக்கிறதே என்று எண்ணத் தோன்றுமன்றோ?

சில மாதங்களில் முகாம்களில் ஒரு விந்தையான நோய் தலைகாட்டிற்று. வெயில் படும் இடங்களான கழுத்திலும் கைகளிலும் தோல் கறுத்து, தடித்து, வெடித்தது. வயிற்றுப்போக்கு கண்டது. சிலருக்குச் சித்தம் தடுமாறிற்று. பெண்களையே அது மிகுதியாகப் பற்றியது. 1990ஆம் ஆண்டில் மட்டும் 18,000க்கும் மேற்பட்டோர் அந்நோய்க்கு ஆளாயினர். பெலாக்ரா என்பது அதன் பெயர். நியாசின் என்னும் உயிர்ச்சத்துக் குறைவால் வருவது. மக்காச்சோளத்தில் அச்சத்து இருந்தாலும், நம் உடல் ஏற்றுக்கொள்ள முடியாதவாறு அது கட்டுண்டு கிடக்கிறது. மெக்சிகோ நாட்டுப் பெண்கள் சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து ஊறவிட்டு அரைப்பார்கள்; அதனால் அச்சத்து விடுபட்டு உடலில் சேரும். எந்தப் பல்கலைக்கழகமும் கற்பிக்காத அறிவு அது! சோளம் கடல் கடந்து பிற கண்டங்களுக்குப் பரவியபோது சோளம் மட்டுமே சென்றது. அதைச் சமைக்கும் முறை உடன் செல்லவில்லை.

காரணத்தைக் கண்டறிந்தவர்கள் யார்? ‘எல்லைகளற்ற மருத்துவர்கள்’ என்னும் அமைப்பினரும் அமெரிக்க நோய்த்தடுப்பு நிலையத்தினரும் குடிசை குடிசையாகச் சென்று, என்ன உண்டீர்கள், அது எங்கிருந்து கிடைத்தது, வீட்டருகே தோட்டம் உண்டா என்று கேட்டனர். தோட்டம் வைத்திருந்த குடும்பங்களை நோய் அவ்வளவாக அணுகவில்லை. அவ்வாறு கேட்டதுதான் ஆராய்ச்சி. பங்கீட்டைத் திட்டமிட்டவர்கள் கல்நெஞ்சர்கள் அல்லர்; இரவும் பகலும் உழைத்த நல்லவர்களே. வயிற்றை நிரப்பும் கணக்கை அவர்கள் போட்டார்கள். உண்பவளிடம் சென்று கேட்கும் வழக்கம் மட்டும் அவர்களிடம் இருக்கவில்லை. 1991ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு நகரில், அகதிகளிடையே தோன்றும் உணவுக்குறை நோய்களைப் பற்றி மருத்துவரும் அதிகாரிகளும் ஆய்வாளரும் கூடிப் பேசியதற்கு இத்தகைய நிகழ்ச்சிகளே தூண்டுதலாயின.

அக்கூட்டத்தை நடத்திய ஆக்ஸ்போர்டு அகதியியல் துறை, ஒரு பெண்மணியின் பிடிவாதத்தால் 1982ஆம் ஆண்டில் தோன்றியது எனலாம். அவர் பெயர் பார்பரா ஹாரெல்-பாண்ட். அமெரிக்காவில் 1932ஆம் ஆண்டு பிறந்தவர், மானிடவியல் அறிஞர். அல்சீரியப் பாலைவனத்தில் மேற்குச் சகாரா நாட்டு அகதிகள் வாழ்ந்த முகாம்களை அவர் சென்று கண்டார். அங்கே பள்ளியும் மருத்துவமும் உணவுப் பங்கீடும் அகதிகளின் கையிலேயே இருந்தன. பெண்கள் முன்னின்று நடத்தினர். பின்னர் அவர் தென் சூடானுக்குச் சென்றார். இடி அமீனின் வீழ்ச்சிக்குப் பின் உகாண்டாவில் நிகழ்ந்த பழிவாங்கலுக்கு அஞ்சி வந்த மக்கள் அங்கே குவிந்திருந்தனர். அல்சீரியாவில் கண்டதற்கு நேர்மாறான காட்சி. அகதி வரிசையில் நின்றான். அந்நியர் அளந்து கொடுத்தார். அவன் பெற்றுக்கொண்டு கைகூப்பினான்.

மாணவர்களையும் அகதிகளையும் துணைக்கு வைத்துக்கொண்டு ஹாரெல்-பாண்ட் வீடு வீடாக விசாரித்தார். எத்தனையோ குடும்பங்கள் முகாமுக்கே வராமல், எல்லையோர ஊர்களில் அவ்வூர் மக்களுடன் கலந்து வாழ்ந்தது தெரிந்தது. உதவி நிறுவனங்களின் பேரேடுகளில் அவர்கள் பெயர் இல்லை. முகாமில் இருந்தவர்களோ பங்கீட்டில் பெற்ற பொருளில் ஒரு பகுதியைச் சந்தையில் விற்றனர். ‘பார்த்தீர்களா, தேவைக்கு மேல் கொடுக்கிறோம், அதனால்தான் விற்கிறார்கள்’ என்றனர் அலுவலர் சிலர். விற்ற காசில் என்ன வாங்கினார்கள் என்று பார்த்தால் அன்றோ உண்மை தெரியும்? உப்பு, சவர்க்காரம், தானியம் அரைக்கும் கூலி, விறகு. தானியத்தைக் கொடுத்தவர்கள் அதை எதைக் கொண்டு அரைப்பாள், எதை மூட்டிச் சமைப்பாள் என்று எண்ணிப் பார்க்கவில்லை. 1986ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய நூலின் தலைப்பே, உதவி திணிக்கப்படுகிறது என்னும் பொருள் தருவது. உதவி நிறுவனங்கள் அந்நூலை விரும்பவில்லை. திருச்சபை சார்ந்த அமைப்புகளும் அதில் தப்பவில்லை. கூரிய நாவினர் என்று பெயரெடுத்த அவர் 2018ஆம் ஆண்டில் காலமானார்.

நாம் இதைப் படித்து ஆப்பிரிக்காவில் நடந்த கதை என்று விட்டுவிடலாகாது. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் நாகப்பட்டினம் கரையோரத்தில், நாடெங்குமிருந்து வந்த பழந்துணி மூட்டைகள் சீந்துவாரின்றிச் சாலையோரம் குவிந்து கிடந்தன. அனுப்பியவர்களுள் நம் பங்குகளைச் சேர்ந்தவர்களும் இருந்தனர். நல்ல மனத்தோடுதான் அனுப்பினர். எனினும், நேற்று வரை வலை வீசித் தன் உழைப்பில் உண்ட மீனவக் குடும்பத்தாள் ஒருத்தி, பிறர் கழித்த கிழிசலை உடுப்பாளா என்று எவரும் அவளைக் கேட்கவில்லை.

உடனடி உதவி ஒருபுறம் இருக்கட்டும். பெயர்த்து வைக்கப்பட்ட மனிதன் பத்து ஆண்டுகள் கழித்து, இருபது ஆண்டுகள் கழித்து என்ன ஆகிறான்? அவன் மகளின் வாழ்வு எப்படி அமைகிறது? இதை அறிய ஓர் ஆண்டு ஆய்வு போதாது. இவ்வகையில் உலகிலேயே மிக நீண்ட ஆய்வுகளுள் ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம். இதில் வரும் மக்கள் போரால் பெயர்ந்தவர்கள் அல்லர், அணைக்கட்டினால் பெயர்க்கப்பட்டவர்கள். சட்டப்படி அவர்களை அகதிகள் என்று சொல்வதில்லை. 1951ஆம் ஆண்டின் உடன்படிக்கை, துன்புறுத்தலுக்கு அஞ்சி நாட்டெல்லையைத் தாண்டியவரையே அகதி என்கிறது. ஆயினும் வீட்டை இழந்தவள் படும் துயரில் எல்லைக்கோடு பெரிய வேற்றுமை செய்வதில்லை என்பதால், அறிஞர்கள் இவ்விரு வகையினரையும் ‘கட்டாயப் புலப்பெயர்வு’ என்னும் ஒரே தலைப்பின்கீழ் வைத்து ஆராய்கின்றனர்.

சாம்பெசி ஆறு இன்று சாம்பியா, சிம்பாப்வே ஆகிய நாடுகளுக்கு எல்லையாக ஓடுகிறது. அன்று அவை வட ரொடீசியா, தென் ரொடீசியா என்ற பெயரில் ஆங்கிலேயர் ஆளுகையில் இருந்தன. செப்புச் சுரங்கங்களுக்கு மின்சாரம் வேண்டி, கரிபா என்னுமிடத்தில் அவ்வாற்றைத் தடுத்து அணை கட்ட 1955ஆம் ஆண்டில் முடிவாயிற்று. 1956இல் உலக வங்கி 8 கோடி டாலர் கடன் கொடுத்தது. அதுவரை அவ்வங்கி கொடுத்தவற்றுள் மிகப் பெரிய கடன் அதுவே. ஆற்றின் இரு கரைகளிலும் குவெம்பே பள்ளத்தாக்கில் டோங்கா இன மக்கள் 57,000 பேர் வாழ்ந்தனர். வெள்ளம் வடிந்த வண்டலில் விதைத்து ஆண்டில் இருமுறை விளைவித்தவர்கள். முன்னோரின் கல்லறைகளும் மழை வேண்டி வழிபடும் இடங்களும் அக்கரையிலேயே இருந்தன. ஆற்றை ஆளும் நியாமிநியாமி என்னும் தெய்வம் அணையை விட்டு வைக்காது என்று அவர்கள் நம்பினர். 1957இலும் 1958இலும் வரலாறு காணாத வெள்ளம் வந்து கட்டட வேலையைச் சிதைத்தபோது அந்நம்பிக்கை வலுத்ததில் வியப்பில்லை.

1956ஆம் ஆண்டில், வெள்ளம் ஊர்களை மூடுமுன், அமெரிக்க ஆய்வாளர் இருவர் அப்பள்ளத்தாக்கில் வந்து தங்கினர். ஒருவர் எலிசபெத் கோல்சன் அம்மையார். மற்றவர் அவரினும் பல ஆண்டுகள் இளையவரான தேயர் ஸ்கடர். பெயர்க்கப்படுமுன் மக்கள் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதைப் பதிவு செய்துவிட்டு, பெயர்க்கப்பட்ட பின் மீண்டும் வந்து ஒப்பிட்டுப் பார்ப்பது அவர்கள் நோக்கம்.

பெயர்ப்பு அமைதியாக நடைபெறவில்லை. 1958ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் சிசோமோ என்னும் ஊரார் லாரிகளில் ஏற மறுத்துத் தம் ஈட்டிகளுடன் எதிர்த்து நின்றனர். காவலர் சுட்டதில் எட்டுப் பேர் மாண்டனர். எஞ்சியோரை ஏற்றிச் சென்று 160 கிலோமீட்டருக்கு அப்பால் லுசித்து என்னும் வறண்ட இடத்தில் இறக்கிவிட்டனர். அவ்வாண்டு டிசம்பரில் அணையின் மதகுகள் மூடப்பட்டன. மறு ஆண்டில் லுசித்துவில் பெண்களும் குழந்தைகளும் அடுத்தடுத்து மடிந்தனர். நோய் இன்னதென்று எவராலும் உறுதியாகக் கூற முடியவில்லை. அதே காலத்தில், ஏரி பெருகித் தீவுகளில் சிக்கிக்கொண்ட விலங்குகளை மீட்கும் பணி ‘நோவா நடவடிக்கை’ என்ற பெயரில் நடைபெற்றது. ஏறத்தாழ 6,000 விலங்குகள் காப்பாற்றப்பட்டன. உலகப் பத்திரிகைகள் படம் போட்டு மகிழ்ந்தன. விலங்கிற்கு இரங்கியதைக் குறை கூறுவார் இல்லை. ஆனால் லாரியில் ஏற்றப்பட்ட மனிதரின் படத்தைத் தேடினால், அவ்வளவு எளிதில் கிடைப்பதில்லை.

1962இல் ஆய்வாளர் இருவரும் திரும்பி வந்தனர். அதன் பின்னும் மீண்டும் மீண்டும் வந்தனர். நான்கு ஊர்களைத் தேர்ந்து, அவற்றில் பிறந்தவர், மணந்தவர், இறந்தவர், வெளியூர் சென்றவர் என ஒவ்வொருவரையும் விடாது குறித்து வைத்தனர். நம் பங்குகளில் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றுக்குப் பதிவேடு வைப்பது போன்ற வேலைதான். அவ்வூர்களிலேயே படித்த இளைஞர்களை உதவியாளராக அமர்த்தி, நாட்குறிப்பு எழுதப் பழக்கினர். அமெரிக்கர் இல்லாத ஆண்டுகளில் எழுதியவர்கள் அந்த டோங்கா இளைஞர்களே. நூல்களின் அட்டையில் அவர்கள் பெயர் இல்லையாயினும், ஆய்வின் முதுகெலும்பு அவர்கள்தாம் என்பது நம் கருத்து.

இதன் பயனாய் வெளிப்பட்ட உண்மைகளுள் ஒன்று நம் இல்லத்தரசிகள் அறிய வேண்டியது. பழைய ஆற்றங்கரை வண்டல் நிலங்களில் பெண்களுக்குச் சொந்த உரிமை இருந்தது. தாய்வழியாகவும் அந்நிலம் வந்தது. புதிய இடத்தில் காட்டை வெட்டித் திருத்தியவர் ஆண்கள். ஆகவே நிலம் ஆணுடையதாயிற்று. எந்த அதிகாரியும் பெண்ணின் உரிமையைப் பறிக்கச் சட்டம் இயற்றவில்லை. லாரி ஏறும்போது இருந்தது, இறங்கும்போது இல்லை, அவ்வளவே. கணவன் இறந்தாலோ கைவிட்டாலோ அவள் நிலை யாதாயிற்று என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

மற்றோர் உண்மை, காலத்தைப் பற்றியது. பெயர்ந்த முதல் சில ஆண்டுகள் பட்டினி, நோய், சாவு. அக்காலத்தில் மக்கள் புதியன எதையும் தொட அஞ்சி, பழகிய பயிரையும் பழகிய உறவையும் பற்றிக்கொண்டு கிடந்தனர். ‘எதைக் கொடுத்தாலும் முன்னேற மாட்டேன் என்கிறார்களே’ என்று அதிகாரிகள் சலித்துக்கொள்வது இக்கட்டத்தில்தான். பெயர்க்கப்பட்ட எந்த மக்களுக்கும் இக்கட்டம் உண்டு என்றும், அதைக் கடக்கக் குறைந்தது இரண்டு ஆண்டுகளேனும் ஆகும் என்றும் ஸ்கடர் பின்னர் எடுத்துரைத்தார். 1960களில் நிலைமை மாறிற்று. ஏரியில் மீன் கிடைத்தது, சாம்பியா 1964இல் விடுதலை பெற்றது, பள்ளிகள் தோன்றின, கால்நடை பெருகிற்று. ஆய்வு அத்துடன் நின்றிருந்தால், கரிபா ஒரு வெற்றிக்கதை என்று எழுதி முடித்திருப்பார்கள். அணை கட்டும் பொறியாளர்கள் அதை மேற்கோள் காட்டியிருப்பார்கள். ஆனால் 1970களின் நடுவிலிருந்து எல்லாம் சரிந்தன. செம்பின் விலை வீழ்ந்தது. ரொடீசிய விடுதலைப் போர் ஏரிக்கரைக்கு வந்தது. நெருக்கமாகக் குடியமர்த்தப்பட்ட நிலம் சத்திழந்து அரிப்புண்டது. பின்வந்த தலைமுறையினர் நிலமின்றி மீண்டும் வெளியேறத் தொடங்கினர். இருபது ஆண்டுகள் காத்திருந்தவர்களுக்கு மட்டுமே தெரியவந்த உண்மை இது.

இத்தகைய ஆய்வுகளால் பயன் உண்டாயிற்றா என்றால், ஓரளவு உண்டாயிற்று என்றே சொல்வோம். தான் கடன் கொடுக்கும் திட்டங்களால் பெயர்க்கப்படுவோர்க்கு மறுவாழ்வளிக்கும் கொள்கையை உலக வங்கி 1980ஆம் ஆண்டில்தான் முதன்முறையாக வகுத்தது. கரிபாவுக்குக் கடன் கொடுத்து 24 ஆண்டுகளுக்குப் பின்! உலக அணைக்கட்டு ஆணையம் 2000ஆம் ஆண்டில் அளித்த அறிக்கை, அணைகளால் பெயர்க்கப்பட்டோர் 4 கோடி முதல் 8 கோடி பேர் வரை இருக்கலாம் என்று மதிப்பிட்டது. அவ்வாணையத்தில் ஸ்கடரும் நம் நாட்டின் மேதா பட்கரும் உறுப்பினராய் அமர்ந்திருந்தனர். பேரணைகளால் நன்மையும் விளையும் என்று நெடுங்காலம் நம்பியிருந்த ஸ்கடர், 80 வயதைக் கடந்த பின், 2014ஆம் ஆண்டில், அவை செலவுக்கும் துயருக்கும் ஈடாகா என்று வெளிப்படையாகக் கூறினார். கோல்சன் அம்மையாரோ முதுமையில் அமெரிக்காவை விட்டுச் சாம்பியாவிலேயே குடியேறி, டோங்கா நாட்டின் மோன்சே நகரில் 2016ஆம் ஆண்டு தம் 99ஆம் வயதில் மறைந்தார். ஆக்ஸ்போர்டு அகதியியல் துறையில் அவர் பெயரால் ஆண்டுதோறும் சொற்பொழிவு நடைபெறுகிறது.

இன்று இவ்வாய்வு ஒரு நாட்டோடு நிற்கவில்லை. கட்டாயப் புலப்பெயர்வை ஆராயும் பன்னாட்டுக் கழகம் ஒன்று இயங்குகிறது. அது 2011இல் உகாண்டாவின் கம்பாலாவிலும், 2013இல் நம் கொல்கத்தாவிலும் தன் மாநாட்டைக் கூட்டியது. ஆயினும் ஒரு குறையை மறைத்தல் தகாது. 2024ஆம் ஆண்டின் இறுதியில், நாடு கடந்து பெயர்ந்தோருள் நூற்றுக்கு 73 பேர் ஏழை நாடுகளிலும் நடுத்தர வருவாயுள்ள நாடுகளிலுமே தஞ்சமடைந்திருந்தனர். அவர்களைப் பற்றி எழுதுவோரும் அவ்வெழுத்துக்குப் பணம் தருவோருமோ பெரும்பாலும் செல்வ நாடுகளில் உள்ளனர். முகாமுக்கு வருவர், கேட்பர், எழுதிக்கொள்வர், செல்வர். கேட்கப்பட்டவளுக்கு அந்த எழுத்து எங்கே போயிற்று என்று தெரிவதில்லை. தன் கணவன் கொலையுண்ட கதையைப் பத்தாவது முறையாகப் பத்தாவது அந்நியருக்குச் சொல்ல நேர்வதும் ஒரு கொடுமையே. இதை உணர்ந்து அக்கழகம் 2018ஆம் ஆண்டில் ஆய்வாளருக்கென ஒழுக்கநெறி ஒன்றை வகுத்தது. அகதிகளே ஆய்வாளராய்ப் பயிற்சி பெற்றுத் தம் மக்களைப் பற்றித் தாமே எழுதும் முயற்சியும் கென்யா முதலிய நாடுகளில் வேரூன்றி வருகிறது. இதுவே சரியான வழி என்று நமக்குத் தோன்றுகிறது.

திருச்சபைக்கு இதில் பங்கில்லாமல் இல்லை. 1951ஆம் ஆண்டின் உடன்படிக்கையை வரைந்த மாநாட்டில் திருப்பீடமும் இடம்பெற்றிருந்தது. மறு ஆண்டில் பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் அகதிகளைப் பற்றிய தம் திருத்தூது ஆவணத்தில், ஏரோதுக்கு அஞ்சி எகிப்துக்கு ஓடிய திருக்குடும்பத்தையே எல்லா அகதிக் குடும்பங்களுக்கும் முன்மாதிரியாக வைத்தார். வியட்நாமிலிருந்து படகுகளில் தப்பி வந்தோரின் துயர் கண்டு மனமிரங்கிய சேசு சபைத் தலைவர் பேத்ரோ அருப்பே அடிகளார், 1980ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் சேசு சபை அகதிகள் பணி அமைப்பை நிறுவினார். அகதிகளோடு உடனிருத்தல், அவர்களுக்குப் பணிபுரிதல், அவர்கள் உரிமைக்காகப் பேசுதல் என்ற மூன்றையும் அவ்வமைப்பு தன் கடமையாகக் கொண்டுள்ளது. முதலில் வைக்கப்பட்டது பணிபுரிதல் அன்று, உடனிருத்தல் என்பதைக் கவனிக்க வேண்டும். உடனிருந்தவனே எதைத் தர வேண்டும் என்பதை அறிவான்.

அவ்வமைப்பு தமிழகத்திலும் இலங்கை அகதிகளிடையே பல ஆண்டுகளாய்ப் பணிபுரிந்து வருகிறது. 1983 முதல் பல அலைகளாக 3 இலட்சத்துக்கு மேற்பட்டோர் இக்கரை வந்தனர். பலர் திரும்பினர்; ஏறத்தாழ 58,000 பேர் இன்னும் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் உள்ளனர். 2021ஆம் ஆண்டில் தமிழக அரசு அவற்றுக்கு மறுவாழ்வு முகாம்கள் என்று பெயர் மாற்றி, புதிய வீடுகளும் கட்டத் தொடங்கியது. ஆனால் இவர்களை வெறும் ‘இலங்கை அகதிகள்’ என்று ஒரே சொல்லால் குறிப்பிடுவதில் ஒரு செய்தி மறைந்துபோகிறது. இவர்களுள் கணிசமானோர் யாழ்ப்பாணத்தாரோ மன்னாரினரோ அல்லர். நம் இராமநாதபுரம், திருச்சி, புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாய்ச் சென்றவர்களின் பேரர்கள். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம், அத்தகையோருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்றது. அவ்வொப்பந்தத்தின்படி வராமல் எஞ்சியவர்களுள் பலர், 1977இலும் 1983இலும் நடந்த கலவரங்களில் மலைநாட்டிலிருந்து வன்னிக்கு ஓடி, அங்கிருந்து போரால் விரட்டப்பட்டு, பாட்டன் கப்பலேறிய மண்டபத்துக்கே அகதியாக வந்து சேர்ந்தனர்.

இவர்களுக்கு இது வெறும் வரலாறு அன்று. திருச்சி முகாமொன்றைச் சேர்ந்த இவ்வகையினர் 65 பேர், தாங்கள் இந்திய வம்சாவளியினர் என்று கூறிக் குடியுரிமை கேட்டு வழக்குத் தொடுத்தனர். 2019ஆம் ஆண்டு சூன் மாதம் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அவர்களுடைய விண்ணப்பங்களைப் பெற்றுப் பரிசீலிக்குமாறு அரசைப் பணித்தது. பாட்டனார் எந்த ஊரினர், எவர் மகன், எப்போது சென்றார் என்று காட்டவேண்டிய நிலையில் உள்ளவர்களிடம் பெரும்பாலும் காகிதம் எதுவும் இருப்பதில்லை. இரு முறை ஓடியவர்கள் அவர்கள். குடும்பம் குடும்பமாக அமர்ந்து, பேச்சைக் கேட்டு, ஊர்ப்பெயரைக் குறித்து, பழைய பதிவுகளோடு ஒத்துப் பார்க்கும் பொறுமையான வேலை இதற்கு வேண்டும்.

இவர்களுள் கத்தோலிக்கக் குடும்பங்களும் உள்ளன. அவர்களுடைய முன்னோரின் பெயர்கள் நம் பழைய பங்குகளின் ஞானஸ்நானப் பதிவேடுகளில் இருக்கக்கூடும். தந்தை, தாய், ஞானப்பெற்றோர், ஊர் என்று பங்குக் குருவானவர் அந்நாளில் எழுதி வைத்த வரிகள், இன்று ஒரு பேரனுக்கு நாட்டையே பெற்றுத் தரலாம். கறையானும் ஈரமும் முந்திக்கொள்ளும் முன், நூறாண்டுக்கு மேற்பட்ட பதிவேடுகளைப் படம் பிடித்தோ படியெடுத்தோ வைக்குமாறு குருக்களையும் பங்குப் பேரவையினரையும் கேட்டுக்கொள்கிறோம். கோடை விடுமுறையில் இளைஞர் இருவர் அமர்ந்தால் ஒரு பங்கின் ஏடுகளை முடித்துவிடலாம். அருகில் முகாம் உள்ள பங்கினர், அங்குள்ள பெரியவர்களிடம் அவர்களுடைய பாட்டனார் சொன்ன ஊர்ப்பெயர்களை முதலில் கேட்டு எழுதிக்கொண்டு, அதன் பின் ஏட்டைத் திறப்பது நலம்.